ஏணையிலிருந்து பாய்க்கு: இரண்டேகால் வயதுப் பாப்பாவின் இரவுகள்

வாலாஜா பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வயது 28. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை 7.15க்குக் கம்பெனி வேன் வந்துவிடும். வீடு திரும்ப மாலை 6.30 ஆகும். கணவருக்குப் பெங்களூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து, திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். மகளுக்கு இரண்டேகால் வயது. பகலில் மாமியார்தான் (இவருக்கு அத்தை, பாப்பாவுக்கு ஆயா) பார்த்துக்கொள்கிறார். பச்சைக் குழந்தையாக இருந்த நாளிலிருந்து பாப்பா தூங்குவது ஏணையில். (தெற்கே தூளி என்பார்கள், எங்கள் வடார்க்காட்டில் ஏணை.) மதியம் 2 மணிக்குப் போட்டால் 5 வரை நல்ல தூக்கம். இரவு 9 மணிக்கு ஆட்ட ஆரம்பித்தால் கண் மூட 11 ஆகிறது. காலை 7 மணிக்கு அம்மா வேனுக்குக் கிளம்பும் சத்தத்தில் எழுந்துவிடுகிறாள். நடுவில் மூன்று நான்கு தடவை விழித்து "ஆட்டு, ஆட்டு" என்று அழுகை. ஏழு மாத வயிற்றோடு இந்தத் தாய் பாயில் ஒருக்களித்துப் படுத்து, ஏணைக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுகிறார். அவர் கண்ணயர்ந்தால் கால் நின்றுவிடும். கால் நின்றால் மேலிருந்து அழுகை.

ஜூன் நடுவில் அடுத்த பிரசவம். அதற்குள் பாப்பாவைப் பாயில் படுக்கப் பழக்க வேண்டும். பகல் தூக்கத்தை நிறுத்தினால் ராத்திரி சீக்கிரம் தூங்குவாளா? செல்போனில் பாட்டுப் போட்டால்தான் ஏணைக்கே வருகிறாள், என்ன செய்வது? இரவில் சர்க்கரை போட்ட பால் இரண்டு பாட்டில் குடிக்கிறாள், நிறுத்தினால் பசிக்குமே? சில நாள் பன்னிரண்டரை மணி வாக்கில் கண் திறந்தபடி அலறுகிறாள், தூக்கப்போனால் என்னையே தள்ளுகிறாள். காத்துக் கருப்பு என்று அத்தை கயிறு மந்திரித்துக் கழுத்தில் கட்டியிருக்கிறார். பல்லை நறநறவென்று கடிக்கிறாள், பூச்சியா? பக்கத்து வீட்டு அக்கா, சளி சிரப் அரை ஸ்பூன் கொடு, அசந்து தூங்கும் என்கிறார், கொடுக்கலாமா? "ரெண்டு வயசானா தனி ரூம்ல தனியாத் தூங்கணும்னு வீடியோவில் சொல்றாங்க. நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேனா டாக்டர்?" இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில், பேனா மை மாறியிருக்கிறது, ஒரு பத்தி. "இப்போதைக்கு அவளுக்குப் பிடிச்சது" என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறார்: ஏணை கட்டியிருக்கும் ஆயாவின் பழைய மஞ்சள் சேலை, அதன் கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டேதான் தூங்குவாள், சக்கரம் ஒன்று போன ஜேசிபி பொம்மை, ஆயா தண்ணீர் குடிக்கும் குட்டி எவர்சில்வர் டம்ளர், குரங்கும் குல்லாவும் கதை, தினமும் அதே கதை, நிலா, கூட்ஸ் வண்டிக்கு டாட்டா காட்டுவது.

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. ஏணையில் ஆட்டித் தூங்கவைப்பது செல்லமும் இல்லை, தப்பும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் பிள்ளைகள் அப்படித்தான் தூங்கினார்கள். தனி அறை, தனிக் கட்டில் என்பதெல்லாம் வேறு தேசத்து வீட்டு வழக்கம். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் நடுவில் பாயில் படுத்துத் தூங்குவதால் இந்த வயதுக் குழந்தையின் மனம் பலவீனமாகிவிடாது. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆனாலும் ஏணையை விட வேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்குக் காரணம், தூக்கம் நடக்கும் விதம். யாரும் இரவு முழுக்க ஒரே சீராகத் தூங்குவதில்லை. ஆழ்ந்து போவோம், மேலே வருவோம், லேசாக விழிப்போம், புரண்டு படுத்து மறுபடி ஆழ்ந்துபோவோம். சின்னக் குழந்தைக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். லேசாக விழிக்கும் அந்த நொடியில், தூங்கப்போகும்போது இருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று குழந்தை தேடும். உங்கள் பாப்பா ஆட்டத்தோடு தூங்கினாள். விழிக்கும்போது ஆட்டம் இல்லை. அதனால் கூப்பிடுகிறாள். பசியால் அல்ல, பிடிவாதத்தாலும் அல்ல. அவள் அசைவில்லாத இடத்தில் கண் மூடப் பழகிவிட்டால், அந்த மூன்று நான்கு விழிப்பும் புரண்டு படுப்பதோடு முடிந்துவிடும். உங்கள் கால் கட்டைவிரலுக்கும் விடுதலை.

பாதுகாப்பும் ஒரு காரணம். ஏணைக்குள் எழுந்து உட்காரவும் காலை வெளியே போடவும் தெரிந்த குழந்தை தலைகீழாக விழலாம். துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கவும் செய்யலாம். இரண்டேகால் வயதுப் பிள்ளையை ஏணையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பழக்கி முடிக்கும்வரை, அவள் உள்ளே இருக்கும்போதெல்லாம் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை உங்கள் அத்தையிடமும் சொல்லுங்கள்.

அவள் தூக்கத்தைக் கூட்டிப் பாருங்கள்

"தூக்கமே இல்லை டாக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன நேரங்களை வைத்தே கணக்குப் போட்டேன். மதியம் 3 மணி நேரம், இரவு 8 மணி நேரம், ஆக 11. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் 10 முதல் 13. அப்படியானால் பாப்பாவின் தூக்கம் எல்லைக்கோட்டுக்குள்தான் இருக்கிறது. அதில் ஒரு நல்ல பங்கு பகலில் போய்விடுகிறது, அவ்வளவே. மாலை 5 மணி வரை தூங்கிய குழந்தைக்கு 9 மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? நீங்கள் ஆட்டும் அந்த முதல் இரண்டு மணி நேரம் வீணான உழைப்பு.

அதற்காகப் பகல் தூக்கத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் அதை விடுவார்கள். இப்போதே பறித்தால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடம்பிடிப்பாள். அலுப்பு மிஞ்சிய உடம்பு ராத்திரி இன்னும் மோசமாகத்தான் தூங்கும். முன்னால் நகர்த்துங்கள், போதும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குத் தூக்கம், இரண்டரைக்கு எழுப்பல். இரண்டு நாளைக்கு 15 நிமிஷம் என்று நகர்த்தினால் இரண்டு வாரத்துக்குள் அங்கே வந்துவிடலாம். இதில் உங்கள் அத்தையின் ஒத்துழைப்புதான் எல்லாமே. மதியம் அந்த மூன்று மணி நேரம் அவருக்கும் ஓய்வு. துணி துவைப்பதும் சமையலும் அப்போதுதான் நடக்கும். "ஏன் அஞ்சு மணி வரைக்கும் தூங்க விடுறீங்க" என்று கேட்டால் மனம் நொந்துபோவார். "அத்தை, வயித்தப் புள்ளையோட ராத்திரி எனக்கு முடியல, நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்" என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஊர் ஆயாக்கள் இப்படிக் கேட்டால் மறுத்ததில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். காலை 7.15க்குப் போகும் அம்மாவை அவள் மறுபடி பார்ப்பது 6.30க்கு. அப்போதும் நீங்கள் நேராக அடுப்படிக்குப் போக வேண்டியிருக்கிறது. நீங்கள் முழுசாக அவளுக்குக் கிடைப்பது ஏணையை ஆட்டும் அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான். கண்ணை மூடினால் அம்மா போய்விடுவாள் என்பது அவள் அனுபவத்தில் தினமும் நடக்கும் உண்மை. வேனிலிருந்து இறங்கியதும், கை கால் கழுவிக்கொண்டு, இருபது நிமிஷம் தரையில் அவளோடு உட்காருங்கள். சோறு இருபது நிமிஷம் தாமதமாகட்டும். போன் கையில் இல்லாமல், ஜேசிபியால் மண் அள்ளி விளையாடுங்கள். அந்த இருபது நிமிஷம் சாயங்காலமே கிடைத்துவிட்டால், ராத்திரி பதினொன்று வரை விழித்துக் காத்திருக்கத் தேவைப்படாது.

நைனாவின் (அவள் அப்பாவின்) வீடியோ கால் இரவு ஒன்பதரைக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏழரைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவள் துள்ளிக் குதித்துவிட்டு அடங்க நேரம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவர் வரும்வரை விழித்திருந்தால் இருக்கட்டும். வாரம் முழுக்கக் காத்திருந்த பிள்ளை. ஞாயிறு காலை மட்டும் வழக்கமான நேரத்திலேயே எழுப்பிவிடுங்கள்.

ஏணையை எப்படி அவிழ்ப்பது

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இப்போதே தொடங்கி மே மாதக் கடைசிக்குள் முடிப்பது. இன்னொன்று, இப்போது தொடாமல் விட்டு, குழந்தை பிறந்து மூன்று மாதம் போன பிறகு செய்வது. இரண்டும் நியாயமான வழிதான். செய்யக் கூடாதது, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமான வாரங்களில் அவளை இறக்கிவிட்டுத் தம்பியையோ தங்கையையோ அதே ஏணையில் போடுவது. "என் இடத்தைப் பிடுங்கிக் கொடுத்துட்டாங்க" என்பது அவளுக்குச் சொல்லத் தெரியாது. கடித்தும் கிள்ளியும் காட்டுவாள். என் கருத்து, இப்போதே தொடங்குங்கள். இந்த வயிற்றோடு இனி நீங்கள் ஆட்டவும் கூடாது, அவளைத் தூக்கி உள்ளே போடவும் கூடாது.

எதைக் கொண்டு செய்வது என்பதை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அந்த மை மாறிய பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். டொனால்ட் வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர், மனநல வல்லுநரும்கூட. அம்மாவை விட்டுப் பிரியும் நேரத்தில் குழந்தை பிடித்துக்கொள்ளும் துணி, பொம்மை பற்றி 1950களின் தொடக்கத்திலேயே எழுதியவர். அது கெட்ட பழக்கமில்லை, அம்மாவுக்கும் தனிமைக்கும் நடுவில் குழந்தையே போட்டுக்கொள்ளும் பாலம் என்றார். உங்கள் மகள் போட்டுக்கொண்ட பாலம் ஆயாவின் மஞ்சள் சேலைக் கரை. அவளுக்கு வேண்டியது ஏணையா, அந்தச் சேலையா என்று கேட்டால், பாதிக்கு மேல் அந்தச் சேலைதான்.

முதல் வாரம் ஏணையிலேயே தூங்கட்டும். கண் சொருகும்போது ஆட்டத்தை நிறுத்தி, கையால் முதுகைத் தட்டிக்கொடுங்கள். அழுதால் இரண்டு ஆட்டு, மறுபடி நிறுத்தம். அசையாத ஏணையில் தூங்கிப் பழகுவதுதான் இந்த வாரத்து வேலை. பகல் தூக்கத்தில் இதை அத்தை செய்யட்டும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில், எல்லாரும் சேர்ந்து ஏணையை அவிழுங்கள். அவள் தூங்கும்போது ரகசியமாக அவிழ்க்கவே கூடாது. முடிச்சை அவளும் பிடித்து இழுக்கட்டும். அந்த மஞ்சள் சேலையை நாலாக மடித்து, பாயின் மேல் அவள் இடத்தில் விரித்து, கரை அவள் கைக்கு எட்டும் பக்கம் வரும்படி ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். துவைக்காதீர்கள். அவளுக்கு அது ஆயா வாசனை, தன் வாசனை. முந்தானையிலிருந்து கைக்குட்டை அளவு ஒரு துண்டு வெட்டி அவளிடம் கொடுத்துவிட்டால், ஊருக்குப் போகும்போதும் கூடவே வரும். இன்னொரு துண்டு பெட்டியில் இருக்கட்டும். தொலைந்துபோகும் நாள் கட்டாயம் வரும். முழுச் சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்க மட்டும் விட வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

முதல் மூன்று நாள் அழுவாள். "ஏணை, ஏணை" என்று கொக்கியைக் காட்டுவாள். விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தும் முறை நம் வீட்டுக்குத் தேவையில்லை. பக்கத்திலேயே படுத்திருங்கள். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். கை முதுகில் இருக்கட்டும். அவள் அழுகையை நிறுத்த வேண்டும் என்பதற்காக மறுபடி ஏணை கட்டினால், நாளைக்கு இன்னும் நீளமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள். மூன்றாம் நாள் ராத்திரிதான் பெரும்பாலான வீடுகளில் மனம் இளகும். அன்றைக்கு உறுதியாக இருக்கப்போவது யார் என்று நீங்களும் அத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பூச்சாண்டி வரும், டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்வேன் என்று பயமுறுத்தாதீர்கள். அப்படி மிரட்டப்பட்ட பிள்ளைகள் என் மேஜைக்கு வரும்போது, நெஞ்சில் குழல் வைக்கவே விடாமல் நடுங்குவதைத் தினம் பார்க்கிறேன்.

தினமும் ஒரே வரிசை இருந்தால் நல்லது. எட்டு மணிக்குச் சோறு. பிறகு உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர். ராத்திரி குளித்தால் சளி பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். சளி கிருமியால் வருகிறது. நம் வெயிலூரில் சித்திரை மாதம் வேர்க்குருவோடு படுக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராது. மாடி வெயில் நேரே இறங்கும் அறை என்றால், சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பல் துலக்கல். வாசலில் நின்று நிலாவுக்கும் கூட்ஸ் வண்டிக்கும் டாட்டா. உள்ளே வந்து, விளக்கு மங்கல், கொசு வலை. குரங்கும் குல்லாவும் கதை, ஒரே ஒரு தடவை. அதே கதையா என்று உங்களுக்கு அலுக்கலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவளுக்கு நிம்மதி, கதையை மாற்றாதீர்கள். குரலை மட்டும் போகப்போகத் தாழ்த்துங்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது இந்த வரிசையை முழுக்க ஆயாவே செய்யட்டும், நீங்கள் அடுத்த அறையில் படுங்கள். பிரசவத்துக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் ராத்திரிகளில் அவளைத் தூங்கவைக்கப் போவது அவர்தானே. அன்றைக்குத்தான் முதல் தடவை என்றால் மூன்று பேருக்கும் கஷ்டம்.

பாட்டில், செல்போன்

ஏணை விஷயம் முடிந்து ஒரு வாரமாவது ஆன பிறகு பாட்டிலைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பிடுங்கக் கூடாது. ஜூனில் ப்ளே ஸ்கூல் சேர்க்கவும் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.

இரண்டேகால் வயதுக் குழந்தைக்கு நடுராத்திரி பால் பசிக்காகத் தேவையில்லை. சர்க்கரை போட்ட பால் வாயில் இருக்கத் தூங்கினால் மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். உதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டி வெள்ளைக் கோடோ பழுப்புத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு நடுராத்திரிப் பாலின் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் தண்ணீர் மட்டும். படுக்கும் முன் பாலை அந்தக் குட்டி எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள், பல் துலக்குவதற்கு முன்னால். ஆயா மாதிரியே குடிப்பதில் அவளுக்குப் பெருமை இருக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, இரும்புச் சத்து குறையும். இரும்பு குறைந்த குழந்தை ராத்திரி கால்களை உதைத்துக்கொண்டு புரண்டுகொண்டே இருக்கலாம். முட்டை, ஈரல், முருங்கைக்கீரை, பயறு சேருங்கள். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு வாரம் 2 முறை 1 மில்லி இரும்புச் சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

செல்போன் பாட்டு அவளை அடக்குவதுபோலத் தெரிகிறது, உள்ளே மூளையைத் தட்டி எழுப்புகிறது. திரை வெளிச்சம் பட்டால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பகலில். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அலமாரியில் வைத்துவிடுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. பாட்டுத்தான் வேண்டுமென்றால் ஆயாவுக்குத் தெரிந்த தாலாட்டு எதற்கு இருக்கிறது?

சிரப் விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். தூங்கவைப்பதற்காகச் சளி மருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவே போட்டது. மூச்சை மந்தமாக்கும், இதயத்துடிப்பை மாற்றும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகத் தூக்கத்தைக் கெடுத்து வெறிபிடித்தாற்போல் ஆக்கும். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அந்த அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

அலறல், பல் கடிப்பு

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், கண் திறந்தபடி, அம்மாவையே அடையாளம் தெரியாமல் அலறிவிட்டு, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் எழுவது, நீங்கள் எழுதிய விதத்தில் பார்த்தால், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிக்கும் நிலை. உடம்பு எழுந்துவிட்டது, மூளை இன்னும் தூங்குகிறது. கெட்ட கனவு வேறு. அது விடியற்காலைப் பக்கம் வரும், குழந்தை உங்களைக் கட்டிக்கொள்ளும். இந்த அலறல் நேரத்தில் உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிஷத்தில் தானே அடங்கும். அலுப்பு மிஞ்சிய நாளில்தான் அதிகம் வரும், நேரத்துக்குத் தூங்கினால் குறையும். அத்தை மந்திரித்துக் கட்டிய கயிற்றைக் கழற்றச் சொல்லி நான் சண்டை போடமாட்டேன். ஆனால் கழுத்தில் வேண்டாம். தூக்கத்தில் இறுகும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டச் சொல்லுங்கள், நம்பிக்கைக்கும் குறையில்லை.

பல் கடிப்பது மட்டும் பூச்சிக்கு அடையாளமில்லை. ராத்திரி ஆசனவாயைச் சொறிந்துகொண்டே இருந்தால்தான் கீரிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

பாப்பாவை நேரில் காட்ட வேண்டிய நிலைகள் சில உண்டு: தினமும் குறட்டை விடுவது, குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறுவது, வாய் பிளந்து தூங்குவது, அலறும்போது கை கால் வெட்டி இழுப்பது, ஒரு பக்கம் விறைப்பது, உள்ளங்கையும் கண் இமையும் வெளுத்திருப்பது, மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்பது, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதத்தை நம்பாமல் கிளம்பி வாருங்கள். வெட்டி இழுப்பதை முடிந்தால் போனில் படம் பிடித்து வையுங்கள்.

உங்கள் லீவு

இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்தான் லீவு என்று சூப்பர்வைசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் பிரசவத்துக்கு வரும் தாய்மார்களிடம் இதே தவறான தகவலைப் பலமுறை கேட்டிருப்பதால் சொல்கிறேன். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு உண்டு. 12 வாரம் என்பது மூன்றாவது குழந்தைக்கு. உங்களுக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் பணம் ஈஎஸ்ஐ வழியாக வரும், அங்கேயும் அதே 26 வாரம்தான். அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஆனால் முன்னால் எடுத்தது பின்னால் குறையும். எட்டு வாரத்தையும் இப்போதே செலவழிக்க வேண்டாம். மே மாதக் கடைசியிலிருந்து ஒரு மூன்று வாரம் எடுங்கள். பாயில் தூங்கப் பழகிய பாப்பாவோடு, வேன் சத்தம் இல்லாத சில காலைகள் உங்கள் இருவருக்கும் கிடைக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், அங்கே குழந்தையைப் பார்க்க ஒரு நாளைக்கு 4 முறை போய்வரலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு அது உதவும். இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

புதுக் குழந்தையைப் பற்றி இரண்டு வரி. பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஏணை சரி. இரவு முழுக்க வேண்டாம். தாடை நெஞ்சில் முட்டச் சுருண்டு கிடந்தால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு தடைபடலாம். சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். பாயில் பாப்பாவும் புதுக் குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம், நடுவில் நீங்கள் இருங்கள்.

கொக்கியைக் கழற்றிவிடலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள். கழற்ற வேண்டாம், துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கொக்கியைப் பார்த்து அவள் ஏங்காமல் இருக்க எனக்கு ஒன்று தோன்றுகிறது. சின்னத் துணிப்பை ஒன்றில் அந்த மூணு சக்கர ஜேசிபியைப் போட்டு அங்கே தொங்கவிடுங்கள். இனி அது ஜேசிபியின் ஏணை. படுக்கும் முன் ஆயா கயிற்றைத் தாழ்த்திப் பிடிக்கட்டும், உங்கள் மகள் இரண்டு ஆட்டு ஆட்டி, "தூங்கு" என்று சொல்லட்டும். பிறகு அவள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் பையை ஏற்றிக் கட்டிவிட்டு, விளக்கை அணையுங்கள்.